ரெண்டு ஹலோ

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் உடம்பு எப்படி? மாடிப்படியில் வழுக்கி விழுந்தாயே, அந்த வலது கால் குளிரில் தொந்தரவு செய்கிறதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பார்த்தாயா, இதற்குப் பெயர்தான் கடிதம். போன மாதம் நீ எழுதியது, "டார்ச் லைட் வந்தது. எரிகிறது. அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கு." மருந்துக்கடை ரசீதுகூட இதைவிட நீளமாக இருக்கும். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது "அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும், நலம், நலமறிய ஆவல்" என்று நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் புள்ள எவ்வளவு பாசமா எழுதியிருக்கான் பாரு" என்கிறாள். உன் பெயரில் பாசத்தைக் கொட்டுவது நான், பேர் வாங்குவது நீ.

இங்கே என் வயர்லெஸ் பெட்டி தயாராகிவிட்டது. நம் கடிதங்களை நடுவில் பிரித்துப் படிக்கும் தணிக்கை அதிகாரி கறுப்பு மை பூசாத அளவுக்குச் சொல்கிறேன். படை நகரும்போது கூடவே நகரும் தொடர்பு இது. கோபுரம் இல்லை, கம்பி இல்லை. ஒவ்வொரு லாரியிலும் ஒரு பெட்டி, நடந்து போகும் ஒவ்வொரு குழுவுக்கும் முதுகில் ஒரு பெட்டி. வீடு தீப்பிடித்தால் தெருவே வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுமே, அதுபோல ஒரு பெட்டி பேச்சை வாங்கி அடுத்த பெட்டியிடம் கொடுக்கும். நடுவில் ஒருவர் மலைக்குப் பின்னால் போய்விட்டால் வரிசை தானாகவே வளைந்து வேறு வழி பிடித்துக்கொள்ளும். நீயும் வயர்லெஸ்காரன்தான், உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆறு வருஷம், பதினொரு பேர், ஒரு தகரக் கொட்டகை. அடுத்த மாதம் ராணுவமே எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கப்போகிறது. செய்தவர்கள் பக்கத்தில் வரக்கூடாதாம். எங்கே, யார் சோதிப்பார்கள் என்பதும் ரகசியம். வரட்டும். என் பெட்டிமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஊர் உலகத்துக்கெல்லாம் நொடியில் பேச வழி செய்கிறவளுக்குத் தன் தம்பியோடு பேச ஒரு வாரத் தபால்தான் கதி. இதைச் சொன்னால் எங்கள் கொட்டகையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

கண்ணுக்குள்ளே உன்னை வைத்திருக்கும்,
அக்கா


ஜனவரி 30

சாக்ஸ் வந்தது. அளவு சரி.

சில வாரங்களுக்கு வேறு இடம் போகிறேன். எங்கே, எதற்கு என்று எழுத முடியாது. பதில் தாமதமானால் அம்மாவிடம் தபால்காரர்மேல் பழியைப் போடு.

பெட்டி பற்றிப் படித்தேன். (இங்கே ஒரு வரி எழுதி, அதே பேனாவால் படிக்க முடியாதபடி அடிக்கப்பட்டிருக்கிறது.)

காலுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவை ஸ்டூல்மேல் ஏறிப் பரணில் தேடவிடாதே.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? கால் எப்படி? அம்மாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. விசாரிப்பு முடிந்தது, இனி வயிற்றெரிச்சல்.

பெட்டி தோற்றுவிட்டது.

சோதனை அறிக்கை ஒன்றரைப் பக்கம். யார் எழுதியது என்று பெயர் இல்லை. "வாகனங்கள் நகரும்போது பொத்தானை அழுத்திப் பேசினால் முதல் சொல் வந்து சேர்வதில்லை. நாற்பது முறை சொன்னதில் பதினேழு முறை வரவில்லை. இதை நம்பி ஒருவரையும் அனுப்ப முடியாது." அவ்வளவுதான். மழையில் நனைந்தும் நின்றுபோகாதது, பேட்டரி இரண்டு நாள் தாங்கியது, மூன்று மலை தாண்டிப் பேசியது, எதற்கும் ஒரு நல்ல வார்த்தை இல்லை. ஆறு வருஷத்தை அந்த மகானுபாவன் மூன்று வரியில் குழிதோண்டிப் புதைத்துவிட்டான்.

எங்களிடம் இருநூற்றுப் பன்னிரண்டு ஒலிப்பதிவு இருக்கிறது. எல்லாவற்றிலும் பேச்சு கண்ணாடி மாதிரித் தெளிவு. நாங்கள் சொன்ன ஒரு எண், ஒரு பெயர், ஒரு உத்தரவு தவறியதில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அவனுக்குப் பொத்தானை அழுத்தத் தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

ஜூலை கடைசியில் இன்னொரு சோதனை. அதிலும் தோற்றால் கொட்டகையைப் பூட்டி, பதினொரு பேரையும் பதினொரு திசைக்கு அனுப்பிவிட்டு, வெளிநாட்டுப் பெட்டியை வாங்கப்போகிறார்கள். எங்கள் கூட்டத்தில் 'கணக்கு' என்று ஒருவர் இருக்கிறாரே, எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்பவர், அவர் அன்று முழுக்க ஒரு எண்கூடச் சொல்லவில்லை. லாரி ஓட்டும் அண்ணன் மட்டும், "மேடம், இந்த லாரிக்கு நம்ம ஏரியல் கம்பத்தைத் தவிர வேற எதையும் தூக்கத் தெரியாது. இதை எங்க கொண்டுபோய் விடுவாங்க?" என்று கேட்டார்.

நீயும் அதே தொழில். நீ சொல், அந்த ஆள் எப்படிப்பட்டவனாக இருப்பான்? மேலே யாரிடமோ நல்ல பெயர் வாங்குவதற்காக எழுதியிருப்பானா? சீக்கிரம் பதில் போடு.

கொதித்துக்கொண்டிருக்கும்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புத் தம்பி,

நலமா? நலம் என்று ஒரு வார்த்தையாவது எழுதிப் போடு. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து துண்டுச்சீட்டுகூட இல்லை. அம்மா தபால்காரரின் சைக்கிள் மணியை வைத்தே எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறாள். கையில் பழைய கடிதம்தான் இருக்கிறது, அதையே புதுசு மாதிரிப் படித்துக் காட்டுகிறேன்.

எங்கள் இயக்குநர் ஒரு யோசனை சொன்னார். "சோதிச்சவருக்குக் கருவியைக் கையாளத் தெரியலைன்னு மறுப்பு எழுதுங்கம்மா. அடுத்த தடவை வேற ஆளைப் போடச் சொல்லலாம்." எழுதிவிட்டேன். நான்கு பக்கம். தட்டச்சு செய்து மேஜையில் இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி. அது போய்ச் சேர்ந்தால் அந்த ஆள்மேல் விசாரணை வருமாம், வயர்லெஸ் வேலையிலிருந்தே மாற்றிவிடுவார்களாம். மாற்றட்டும். அவன் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

என்னவோ இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுவேன்.

உன் பதிலுக்காகவே காத்திருக்கும்,
அக்கா


ஏப்ரல் 16

உயிரோடு இருக்கிறேன். மண்சரிவில் தபால் வண்டி மாட்டிக்கொண்டது. உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன.

நீ கேட்ட ஆளைப் பற்றி நான் எதுவும் எழுத மாட்டேன். மறுப்பில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன்.

நலம் விசாரிக்காமல் எழுதுகிறேன் என்று வருஷக்கணக்காகத் திட்டுகிறாயே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படிக்காதே.

எங்கள் தொழிலில் முதல் வார்த்தைதான் விஷயம். ஹலோ கிடையாது, சுகமா கிடையாது. நமக்கு நேரம் இருக்கிறதா என்று எதிரில் வருவது கேட்காது.

சிரிப்பு அண்ணனை உனக்கு நினைவிருக்கும். என்னோடு லீவில் நம் வீட்டுக்கு வந்தவர். அம்மாவின் தையல் மெஷினைப் பிரித்து, இரண்டு திருகு மிச்சம் வைத்து மாட்டி, அதுவும் ஓடியதே, அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் ஆட்களை மீட்க மூன்று லாரியில் போனோம். முன் லாரியை அவர் ஓட்டினார். பக்கத்தில் உதவி ஓட்டுநர். நான் கடைசி லாரியில். வளைவில் திரும்பும்போது பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. முன் லாரியிலிருந்து பார்த்தால் தெரியாது. பொத்தானை அழுத்தி "நில்லு" என்றேன்.

எங்கள் பழைய பெட்டி அழுத்தியதும் விழித்துக்கொள்ளவே ஒரு நொடி எடுக்கும். அது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அழுத்து, ஒரு மூச்சு விடு, பிறகு பேசு என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தூண் சாய்வதைப் பார்த்தவனுக்கு மூச்சு எங்கே வரும்? முன் லாரியில் வெறும் கரகரப்புதான் கேட்டிருக்கிறது. "தம்பி ஏதோ பாடறான்" என்று சிரித்தாராம். பாலம் லாரியோடு ஆற்றில் விழுந்தது. நாங்கள் குதித்துத் தேடியும் உதவி ஓட்டுநரைத்தான் எடுக்க முடிந்தது. அவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

முன்னால் ஒரு ஹலோ சொல்லியிருந்தால் அந்த ஹலோ தொலைந்து, "நில்லு" போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு வருஷமாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் அந்த இடத்தில் யாரும் ஹலோ சொல்ல மாட்டார்கள், அக்கா.

அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி?

தம்பி


மே 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் நலத்தை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

அது மாடிப்படியில் விழுந்த கால் இல்லை, அந்த ஆற்றில் அடிபட்ட கால் என்று புரிந்தது. நீ எழுதவில்லை, நான் கேட்கப்போவதும் இல்லை. உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். படித்துவிட்டு அம்மாவின் தையல் மெஷினைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு திருகும் இன்னும் இழுப்பறையில் டப்பாவுக்குள் இருக்கின்றன. சிரிப்பு அண்ணன் எங்கே என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "மாற்றலாகிப் போய்விட்டார்" என்று நீ சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போனதும் ஒலிப்பதிவுகளை எடுத்தேன். இதுவரை நாங்கள் கேட்டது எல்லாம் வந்து சேர்ந்த பேச்சைத்தான். அனுப்பிய பேச்சை யாரும் கேட்டதில்லை, அதைத்தான் நாமே பேசினோமே, கேட்பானேன்? அன்றுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம்.

தம்பி, எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் பெட்டி செய்தபோது அது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லோரும் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். பெட்டி மாறியது, பழக்கம் மாறவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பதிவும் "ஹலோ ஹலோ" என்றுதான் தொடங்குகின்றன. லாரி நின்றுகொண்டு பேசியபோது இரண்டு ஹலோ அனுப்பினோம், இரண்டு ஹலோ வந்தது. லாரி ஓடும்போது பேசியவை தொண்ணூறு. அதில் முப்பத்தெட்டில் இரண்டு ஹலோ அனுப்பினோம், ஒரு ஹலோதான் வந்திருக்கிறது.

விஷயம் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஹலோவை யார் எண்ணுவார்?

ஏழு பேர் ஒரு மேஜையைச் சுற்றி நின்று கேட்டோம். பிறகு கணக்கு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "மேடம், நாற்பதுக்குப் பதினேழு. தொண்ணூறுக்கு முப்பத்தெட்டு. ரெண்டும் நாற்பத்திரண்டு சதவீதம். அந்த ஆள் எழுதினது அச்சு அசல் உண்மை." லாரி வளைவில் திரும்பியதும் வாளி வரிசை கலைகிறது. புது வரிசை சேர ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் சொன்னது தரையில் கொட்டிவிடுகிறது. எங்களுக்குக் கொட்டியது ஹலோ. அவருக்குக் கொட்டியது விஷயம்.

மறுப்பைக் கிழித்துப் போட்டேன். நான்கு பக்கத்தையும், நகலோடு. அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ, அவர் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு. 'அவன்' என்று எழுதியதையெல்லாம் 'அவர்' என்று மாற்றிப் படித்துக்கொள்.

ஜூலைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் நான் உன் அக்கா இல்லை.

அன்போடும் வெட்கத்தோடும்,
அக்கா


மே 24

படித்தேன். மூன்று தடவை.

அந்த ஆளுக்குப் புரையேறியிருக்கும். ஆனால் அவரைக் கும்பிட வேண்டாம். இரண்டாவது சோதனையிலும் அவர் இரக்கம் பார்க்க மாட்டார் என்று நினைக்கிறேன். பார்க்கவும் கூடாது. நாற்பதில் ஒன்று தவறினாலும் தவறியது என்றே எழுதுவார். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்.

ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் இப்போதே சொல்லாதே, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம், நீ சௌக்கியமா, கால் சௌக்கியமா, மீதி எல்லாம் சௌக்கியமா?

ஒரு நொடியை ஒழித்துவிட்டோம்!

எப்படி என்று கேள். இதுவரை ஒவ்வொரு பெட்டியும், வழி அறுந்தபிறகுதான் புது வழி தேடியது. இப்போது ஒவ்வொன்றும் இரண்டு மாற்று வழியை எப்போதும் கையில் வைத்திருக்கிறது. நடக்கும்போதே அடுத்த அடி எங்கே என்று பார்த்துக்கொண்டு நடப்பது போல. அதையும் மீறி ஒரு கண்சிமிட்டும் நேரம் தடங்கல் வந்தால், பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து சொன்னதைப் பெட்டி தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து சொல்லும். மூச்சு விட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. எழுதுவதற்கு நான்கு வரி. செய்வதற்குள் பதினொரு பேருக்கும் முடி கொட்டிவிட்டது, கணக்குக்கு எழுபது சதவீதம்.

பெட்டியைத் திருத்தியதைவிட எங்களைத் திருத்தியதுதான் பெரும்பாடு. கொட்டகைக்குள் ஹலோவுக்குத் தடை போட்டேன். யார் சொன்னாலும் அன்றைய டீ டம்ளர் அத்தனையும் அவர்தான் கழுவ வேண்டும். முதல் வாரம் இயக்குநரே மூன்று நாள் கழுவினார். எனக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. பெரியம்மா போன் செய்தபோது எடுத்த எடுப்பில் "அம்மா குளிக்கிறாங்க" என்றேன். "நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்கமாட்டியாடி? உன் தம்பி காத்து உனக்கும் அடிச்சிடுச்சா?" என்று அரைமணி நேரம் வறுத்தெடுத்துவிட்டார்.

ஊரெல்லாம் ஓடிப் பார்த்தோம். லாரி அண்ணன் சந்தை நெரிசலில், ரயில்வே பாலத்துக்கு அடியில், சுரங்கப்பாதையில், கல்குவாரிக்குள் என்று வளைத்து வளைத்து ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் பின் வண்டியிலிருந்து ஒரே ஒரு சொல். நில்லு. ஐநூறு முறை. தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருவர் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றார். ஐநூறில் ஐநூறும் வந்தது, தம்பி.

அந்தச் சொல்லை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கொட்டகையில் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 22 சோதனை. இந்த முறை கட்டுப்பாட்டு வண்டியில் உட்கார்ந்து கேட்க என்னை மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். எதிரிலிருப்பவர்களைப் பார்க்கவோ பேச்சுக் கொடுக்கவோ கூடாது. "கேட்டது" என்ற ஒரு பதில்தான் சொல்லலாம். ஐநூறு முறை வந்தது நாற்பது முறை வராதா என்று புத்தி சொல்கிறது. ஆனாலும் பெட்டியை மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கைகால் ஓடாத,
அக்கா


ஜூலை 12

தைரியமாகப் போ. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

ஹலோ சொல்லிவிடாதே.

தம்பி


ஜூலை 23

நீதான்.

அன்புள்ள தம்பிக்கு, நலமா, கால் எப்படி என்பதெல்லாம் பிறகு. நீதான்!

கட்டுப்பாட்டு வண்டிக்குள் மூன்று அதிகாரிகளும் நானும். ஜன்னல் கிடையாது. ஒரு திரை, அதில் ஊர்ந்து போகும் புள்ளிகள். ஆறு லாரி, நான்கு நடைக் குழு. காதில் ஹெட்போன். காலையில் நீ சொன்னபடி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். முன் லாரியின் புள்ளி வளைவில் திரும்பி மலைக்குப் பின்னால் மறைந்தது. கோடுகள் ஒருமுறை அறுந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் வேறு பக்கமாகச் சேர்ந்துகொண்டன. அந்த நேரம் பார்த்து காதில் ஒரு குரல்.

"நில்லு!"

ஒரே சொல், தம்பி. முதல் எழுத்திலிருந்து முழுசாக. அந்த முதல் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும்போது சைக்கிளில் என்னை முந்திவிட்டு முச்சந்தியில் காலை ஊன்றி "நில்லு, லாரி வருது" என்று கத்துவாயே, அந்த 'நி'. முப்பது வருஷமாகக் கேட்கிற குரல். பதினான்கு கிலோமீட்டர் தாண்டி, மூன்று மலை தாண்டி, ஆறு பெட்டி கைமாறி வந்தும் அதில் ஒரு பிசிறுகூட இல்லை.

திரையில் முன் லாரியின் புள்ளி நின்றது.

பக்கத்திலிருந்த அதிகாரி, "பதில் சொல்லுங்க" என்றார். பொத்தானை அழுத்தி "கேட்டது" என்றேன். 'அடப்பாவி, நீயாடா' என்று சொல்லாமல் அடக்கியதற்கே எனக்கு ஒரு பதக்கம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு முப்பத்தொன்பது தடவை நீ சொன்னாய், முப்பத்தொன்பது தடவை நான் "கேட்டது" என்றேன். நாற்பதாவது முடிந்ததும் அதிகாரிகள் எழுந்து கை கொடுத்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். வெற்றி மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும்தான்.

திரும்பும் வழியில்தான் எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. பிப்ரவரியில் நீ போன 'வேறு இடம்'. இரண்டு மாத மௌனம். அந்த மகானுபாவன்மேல் நான் மண்ணை வாரித் தூற்றியது முழுக்க உன்னிடமே! நான்கு பக்க மறுப்பு உன் தலைக்கே போயிருக்கும். அது தெரிந்தும் "உன் முடிவு" என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தாயே, உனக்கு நெஞ்சா கல்லா? ஒரு வார்த்தை, "அக்கா, நான்தான்" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே கிழித்திருப்பேனே.

கிழித்திருப்பேன். ஆனால் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டிருக்க மாட்டேன். தம்பி பாவம் என்று விட்டிருப்பேன். அதற்காகத்தான் சொல்லவில்லையா?

கொட்டகையில் என்னைத் தூக்காத குறை. லாரி அண்ணன் ஹாரனை விடாமல் அடித்தார். தடை நீங்கிவிட்டது என்று எல்லோரும் ஆளுக்கு நூறு ஹலோ சொன்னார்கள். டம்ளர்களை நானே கழுவினேன்.

உன்மேல் கோபமும் பெருமையும் சம அளவில் உள்ள,
அக்கா


ஆகஸ்ட் 6

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே மிகவும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமா? அம்மாவின் மூட்டு வலி, உன் தலைவலி, பெரியம்மாவின் கோபம், தையல் மெஷின், எல்லாம் நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். கால் நன்றாக இருக்கிறது. போதுமா? இந்த முறை அம்மாவுக்கு நீ எதையும் சேர்த்துப் படிக்க வேண்டாம், இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்.

அக்கா, சோதிக்கிறவர் செய்தவரிடம் பேசக்கூடாது என்பது விதி. என்னை இதற்குப் போட்ட அன்றே அதிகாரியிடம் போய், "சார், இந்தப் பெட்டியைச் செஞ்சது என் அக்கா. வேற ஆளைப் போடுங்க" என்றேன். "அக்காகிட்ட உனக்குப் பயமா?" என்றார். "பயம்தான் சார்." "அப்போ நீதான் சரியான ஆள். பயந்துக்கிட்டே உண்மையை எழுது" என்றார். பயந்துகொண்டேதான் எழுதினேன். ஜனவரிக் கடிதத்தில் ஒரு வரியை எழுதி அடித்தேனே, அது "உன் பெட்டி ஜெயிக்கணும்னு வேண்டிக்கொள்கிறேன்" என்ற வரி. வேண்டிக்கொண்டு சோதிப்பவன் சரியாகச் சோதிக்க மாட்டான் என்று தோன்றியது, அடித்துவிட்டேன்.

மறுப்பு வந்திருந்தால் வந்திருக்கும். உன் கையெழுத்து என் தலையெழுத்து என்று இருந்துவிட்டேன். ஆனால் நீ கிழித்தாய் என்று படித்த அன்று முகாமில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

உன் "கேட்டது" நாற்பதும் வந்தது. முதல் எழுத்து முழுசாக. முதல் தடவை மட்டும் குரல் உடைந்திருந்தது, அது பெட்டியின் கோளாறு இல்லை என்று அறிக்கையில் எழுதவில்லை, எனக்குள் எழுதிக்கொண்டேன். அறிக்கையில் எழுதியது இது: "முதல் சொல் வந்து சேர்கிறது. நாற்பதில் நாற்பது. இதை நம்பி ஆளை அனுப்பலாம்."

இந்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், பதினைந்து நாள் லீவு. அம்மாவிடம் கால் பற்றியும் சிரிப்பு அண்ணன் பற்றியும் நானே சொல்கிறேன். அந்த இரண்டு திருகையும் எடுத்து வை. ஒன்று எனக்கு, ஒன்று இன்னொருவருக்கு.

அந்த இன்னொருவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். சோதனையில் முன் லாரியை ஓட்டியவர் ஆற்றிலிருந்து பிழைத்து வந்த அதே உதவி ஓட்டுநர். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கே, எந்த வளைவில் சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. சாலையில் பாலத்துக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். அவர் அதை நோக்கி வேகமாகத்தான் போனார். நான் மூச்சு விடவில்லை, ஹலோ சொல்லவில்லை. நில்லு என்றேன். லாரி கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. எல்லாம் முடிந்தபிறகு அவர் இறங்கி என்னிடம் நடந்து வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கேட்டுச்சுடா."

எப்போதும் உன்,
தம்பி